வயலை அளக்க வருகிறவர்களுக்கு

உலக வேளாண்மை நீடித்து நிற்குமா என்று கணக்கெடுத்து, அதற்கு வழி தேடும் நண்பர்களுக்கு,



உங்களில் சிலர் ரோம் நகரில் உணவு வேளாண் அமைப்பின் தலைமையகத்தில் குறியீடுகள் வகுக்கிறீர்கள். சிலர் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறீர்கள். தரச்சான்று தரும் அமைப்புகளின் தணிக்கையாளர்கள், அரிசியும் பருத்தியும் காப்பியும் வாங்கும் பெரிய கம்பெனிகளில் 'சஸ்டெய்னபிலிட்டி' பிரிவை நடத்துகிறவர்கள், செயற்கைக்கோள் படத்தில் வயலுக்கு எல்லைக்கோடு போடுகிறவர்கள் என்று உங்கள் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. கையில் டேப்லெட்டுடன் வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்துவந்து, "ஐயா, ஒரு பத்து நிமிஷம்" என்று கேட்கும் இளைஞர்களும் உங்கள் ஆட்கள்தான். மடல் எல்லாருக்கும் பொது.

இதை எழுதுகிறவன் காவிரிப் படுகையில் இருந்துகொண்டு விவசாயத்தைப் பற்றி எழுதிப் பிழைப்பவன். அளக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அளக்காமல் விட்டதன் பலனை நாங்கள் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மண்ணில் என்ன சத்து இருக்கிறது என்று பாராமல் யூரியாவைக் கொட்டியதும், நிலத்தடி நீர் எங்கே போனது என்று பாராமல் போர் மேல் போர் போட்டதும் இங்கேதான் நடந்தது. நான் கேட்க வருவது வேறு. நீங்கள் எடுக்கும் எண் யாரிடம் போகிறது? அது தப்பாக இருந்தால் யார் திருத்துவது? திருத்தச் சொல்லும் உரிமை பயிர் வைத்தவருக்கு உண்டா? பேச்சைப் பெரும்பாலும் நெல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த பயிர் அது. உங்களில் பலர் இப்போது மொய்க்கும் பயிரும் அதுதான்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் கிளம்புகிறது என்று மதிப்பிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வயல்களில் எடுத்த அளவை இந்தியாவின் நெல் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. இங்கே நெல் விளையும் பரப்பு 4 கோடி ஹெக்டேருக்கு மேல். எதை வைத்துப் பெருக்கினாலும் விடை பெரிதாகத்தான் வரும். பருவநிலை ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை சூடுபிடித்த நேரம். புவி சூடாவதில் ஆசியாவின் நெல் வயலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் பெரிய பங்கு உண்டு என்று வாதாட இப்படிப்பட்ட எண்கள் வசதியாக இருந்தன. 1991-ல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். பிழைப்புக்காக வெளியேறும் வாயுவையும் சொகுசுக்காக வெளியேறும் வாயுவையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

அது அரசியல் பதில். அறிவியல் பதிலை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி.மித்ரா தந்தார். 1991-ல் நாட்டின் பல ஆய்வு நிலையங்களை ஒன்றுசேர்த்து, வெவ்வேறு மண்ணிலும் வெவ்வேறு பாசனத்திலும் இருந்த வயல்களில் நேரடியாக அளக்கவைத்தார். கிடைத்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். கூடக்குறைய 20 லட்சம். முன்பு சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் எளிது. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்குக் காற்றில்லாத சேறும் வேண்டும், தின்ன அங்ககப் பொருளும் வேண்டும். இந்திய நெல் பரப்பில் கணிசமான பகுதி மழையை நம்பியது. அங்கே வயலில் பருவம் முழுக்கத் தண்ணீர் நிற்பதில்லை. மண்ணில் அங்ககச் சத்தும் குறைவு.

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். இந்தியா என்கிற நாட்டுக்கு ஓர் ஆய்வகம் இருந்தது, மித்ரா இருந்தார், எதிர்த்து ஓர் எண்ணை வைக்க முடிந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் பெயரில் உங்கள் கணினியில் ஒரு தப்பான எண் ஏறினால், அவர் எந்த ஆய்வகத்துக்குப் போவார்?

வயலின் மீத்தேனைக் களத்தில் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் ஓர் எண்ணின் அருமை தெரியும். நடவு முடிந்ததும் வயலில் ஒரு சட்டத்தைச் சேற்றில் பதித்துவிடுகிறார்கள். அளக்கும் நாளில் அதன் விளிம்புப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். தண்ணீர் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். உள்ளே சில குத்து நெல், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறி, ஒரு வெப்பமானி. ஊசி போடும் சிரிஞ்சால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி, பிறகு மறுபடி. எல்லாம் சிறு குப்பிகளில் அடைபட்டு ஆய்வகத்துக்குப் போகிறது. அளக்கிறவர் சேற்றில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அடியில் அடைபட்ட வாயு குமிழியாகக் கிளம்பி அளவைக் கெடுத்துவிடும். அதற்காகவே வரப்பிலிருந்து பெட்டி வரைக்கும் பலகை போட்டிருப்பார்கள். வெயில் ஏறினால் பெட்டிக்குள் சூடு ஏறும், அதனால் காலையிலேயே முடிக்க வேண்டும். வயலின் மீத்தேனில் பெரும் பகுதி நெல்லின் தண்டுக்குள் ஓடும் காற்றுக் குழல் வழியாகத்தான் வெளியே வருகிறது. பயிரை விட்டுவிட்டு வெறும் தண்ணீரை அளந்தால் பயனில்லை. ஆகவே பயிர் வளர வளரப் பெட்டியும் உயர வேண்டும். இவ்வளவும் செய்து கிடைப்பது ஒரு வயலின் ஒரு மூலையில் ஒரு காலைப்பொழுதின் கணக்கு.

நைட்ரஸ் ஆக்சைடு இன்னும் பிடிகொடாதது. கரியமில வாயுவைவிட 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பதாகச் சொல்கிறீர்களே, அதே வாயு. யூரியா போட்ட வயல் காய்ந்து நனையும்போது சில நாள் குபீரென்று கிளம்பும், பிறகு அடங்கிவிடும். வாரத்துக்கு ஒருநாள் சிரிஞ்சோடு போனால் நழுவிவிடும். 2018-ல் தென்னிந்திய நெல் வயல்களில் அடிக்கடி அளந்துபார்த்த ஓர் ஆய்வு, அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 33 கிலோ வரை பதிவானதாகச் சொன்னது. மீத்தேனைக் குறைக்க வயலைக் காயவிடுகிறோம், அதனால் இந்த வாயு கூடினால் என்ன செய்வது என்று கேட்டது. நெல் விஞ்ஞானிகள் சிலர் அதே இதழில் மறுத்தார்கள். இவ்வளவு உயர்ந்த அளவை எல்லா வயலுக்கும் பொதுவாக்கக் கூடாது என்றார்கள். இரு தரப்பிலும் விவரமானவர்கள். என்னைக் கேட்டால், வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் உங்கள் கைபேசிச் செயலியில் 'வயலைக் காயவிட்டேன்' என்பதை அழுத்தினால் ஒரே ஒரு எண் வந்து நிற்கிறது. இந்த வழக்கின் வாடைகூட அதில் இல்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். வயலில் பெட்டி வைக்க முடியாத இடத்துக்கெல்லாம், பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவான ஐபிசிசி ஒரு பொது எண்ணைக் கொடுத்திருக்கிறது. எப்போதும் தண்ணீர் நிற்கும், எரு போடாத ஒரு ஹெக்டேர் வயலில் நாளொன்றுக்கு இத்தனை கிலோ மீத்தேன் என்பது அதன் வடிவம். 2006-ல் அது உலகம் முழுமைக்கும் 1.30 கிலோ. 2019-ல் 1.19 ஆயிற்று, கீழே 0.80, மேலே 1.76 வரை இருக்கலாம் என்ற குறிப்போடு. தெற்காசியாவுக்கு மட்டும் தனியாக 0.85. வயலை ஒன்றுக்கு மேற்பட்ட முறை காயவிட்டால் அதை 0.55 ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு ஏக்கர் குறுவைக்குக் கணக்குப் போடுவோம். நூறு நாள் தண்ணீர் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்காசிய எண்ணில் சுமார் 34 கிலோ மீத்தேன். அதை 28 மடங்காக்கினால் கரியமில வாயுக் கணக்கில் 960 கிலோ வருகிறது. காயவிட்டால் மிச்சமாவது 430 கிலோ. உலக எண்ணை எடுத்தால் அதே வயலில் மிச்சம் 600 கிலோவைத் தாண்டுகிறது. வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மாறவில்லை. நீங்கள் எடுத்த அட்டவணை மாறியது, அவ்வளவுதான். சரி, இனிக் காசுக்கு வருவோம். ஒரு டன் வாயுவைக் குறைத்ததற்குத் தரும் கார்பன் கிரெடிட்டுக்குப் பத்து டாலர் கிடைக்கிறது என்று வைத்தால், 430 கிலோவுக்கு நாலு டாலர் சொச்சம். நானூறு ரூபாய்க்குள். அதில் திட்டம் நடத்துகிறவர், சரிபார்க்கிறவர், பதிவேடு வைத்திருக்கிறவர் எல்லாருக்கும் பங்கு போன பிறகு மிஞ்சுவதைக் கொண்டு களையெடுக்க ஒரு ஆளைக்கூடக் கூப்பிட முடியாது. வயலைக் காயவிட்டால் களை கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது இங்கே யாருக்கும் புதிதில்லை. நீங்கள் கொண்டுவந்தது ஓட்டை போட்ட ஒரு பிவிசி குழாய். அதைச் சேற்றில் இறக்கி உள்ளே எட்டிப்பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 சென்டிமீட்டர் இறங்கினால் மறுபடி பாய்ச்சலாம், பூ எடுக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. நல்ல கருவி, மலிவும்கூட. ஆனால் கடைமடைக்காரர் ஏன் அதை வாங்கி வைத்துக்கொண்டு பயன்படுத்துவதில்லை என்பதற்கு உங்கள் அறிக்கைகள் 'விழிப்புணர்வு போதாது' என்று எழுதிவிடுகின்றன. அவருக்கு விழிப்புணர்வு போதுமான அளவுக்கு இருக்கிறது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், இன்று வந்த தண்ணீர் அடுத்து என்றைக்கு வரும் என்று அவருக்குத் தெரியாது. வந்தபோதே வரப்பு முட்ட நிறுத்திக்கொள்வதுதான் அவருக்குக் காப்பீடு. சம்பாவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வயலைக் காயவிடச் சொன்னால் சிரிப்பார்கள். வடியவைக்க முடிந்தாலே பெரிய காரியம். போர்செட் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது, முடியும். ஆனால் தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். தண்ணீரை மிச்சம் பிடிப்பதால் அவர் பைக்கு ஒன்றும் வராது.

வங்காளதேசத்திலும் இதே முடிச்சு வேறு விதமாக விழுந்தது. அங்கே பம்புசெட்காரரிடம் பருவம் முழுவதற்கும் இவ்வளவு என்று பேசித் தண்ணீர் வாங்குகிறவர்கள் அநேகம். இவர்கள் வயலைக் காயவிட்டால் டீசல் மிச்சம் பம்புசெட்காரருக்கு. கஷ்டம் ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு என்று இருக்கும் இடத்தில் எந்தக் குழாயும் வேலை செய்யாது. இதை உங்களில் பலர் ஆய்வுக் கட்டுரைகளில் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். திட்ட அறிக்கையில் மட்டும் ஏனோ அது காணாமல் போய்விடுகிறது.

வியட்நாமைப் பாருங்கள். அங்கே மேகாங் படுகையில் 'ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு' என்று ஒரு முறையைப் பல ஆண்டுகளாகப் பரப்பினார்கள். சான்று பெற்ற விதை கட்டாயம். விதையளவு, உரம், பூச்சிமருந்து, தண்ணீர், அறுவடைக்குப் பின்னான சேதம் ஆகிய ஐந்தும் குறைய வேண்டும். கார்பனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் விதையிலும் உரத்திலும் மருந்திலும் மிச்சமான காசு அந்தப் பருவத்திலேயே விவசாயியின் கையில் நின்றது. அந்த அடித்தளத்தின் மேல்தான் 2023 நவம்பரில், 2030-க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த உமிழ்வு நெல் என்ற திட்டத்தை அந்த அரசு அறிவித்தது. அது நினைத்தபடி முடியுமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். தொடங்கிய வரிசை சரி என்று மட்டும் சொல்வேன்: முதலில் விவசாயியின் செலவு, பிறகு உலகத்தின் கணக்கு.

சீனத்தில் வரிசை தலைகீழானது. பருவத்தின் நடுவில் வயலை வடிப்பது அங்கே 1980-களிலிருந்தே பரவலான வழக்கம். அந்த நாட்டின் நெல் வயல்களில் வடிகால் செய்து மீத்தேனைக் குறைத்ததாகச் சொல்லிக் கார்பன் கிரெடிட் வாங்கிய 37 திட்டங்களை, பதிவேடு நடத்தும் வெர்ரா அமைப்பே 2024-ல் நிராகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, அவை நம்பியிருந்த கணக்கு முறையை வெர்ரா கைவிட்டிருந்தது. ஏற்கெனவே செய்துவந்த வேலைக்குப் புதிதாகச் செய்ததாகக் கணக்குக் காட்டினால் வானத்தில் ஒரு கிலோ வாயுகூடக் குறையாது. வெர்ரா தன் தப்பைத் தானே கண்டுகொண்டது என்று பாராட்டலாம். ஆனால் அந்தக் கிரெடிட்டுகள் அதற்குள் வழங்கப்பட்டிருந்தன. சரிபார்ப்பு என்று ஒரு படி இருந்தும் இது நடந்தது. சரிபார்க்கிறவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்ற கேள்வியை உங்கள் தொழில் இன்னமும் நேராகச் சந்திக்கவில்லை.

இப்போது அந்த டேப்லெட் இளைஞரிடம் வருகிறேன். அவருக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. காவிரிப் படுகையில் எந்த ஊருக்குள் போயும் "மீத்தேன் அளக்க வந்திருக்கிறோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். மன்னார்குடியைச் சுற்றி நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-ல் போட்ட திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போராடிய மக்கள் இவர்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் உயிர் விட்டதும் அந்தப் பிரசாரத்துக்குப் போன இடத்தில்தான். 2020-ல் இந்தப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆன பிறகும், பெட்டியும் குழாயுமாக யாராவது வயலில் இறங்கினால் நாலு பேர் கூடிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முதலில் டீக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லுங்கள்.

பிறகு உங்கள் கேள்வித்தாள். ஹெக்டேருக்கு எத்தனை கிலோ யூரியா என்று அது கேட்கிறது. பதில் 'மாவுக்கு அரை மூட்டை' என்று வரும். மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். அதைப் பெருக்கி வகுத்து ஹெக்டேருக்கு மாற்றுவது அந்தப் பிள்ளையின் தலைமேல் விழுகிறது, அதுவும் வெயிலில் நின்றுகொண்டு. அதோடு முடியவில்லை. யூரியா மூட்டை 2018 வரைக்கும் 50 கிலோ, அதற்குப் பிறகு 45 கிலோ. பழைய பழக்கத்தில் 50 என்று போட்டால் தழைச்சத்து பதினொரு சதவீதம் கூடிவிடும். நைட்ரஸ் ஆக்சைடும் காகிதத்தில் அதே அளவு கூடும். எட்டுத் தசமம் வரைக்கும் துல்லியமாகக் கணக்கிடும் உங்கள் மாதிரிகளுக்கு அடியில் இப்படி ஒரு மூட்டை கிடக்கிறது. கேள்வித்தாளில் மா, ஏக்கர், மூட்டை என்று போடுங்கள். மாற்றும் வேலையைக் கணினி செய்யட்டும்.

யாரைக் கேட்கிறீர்கள் என்பதும் ஒரு பிரச்சினை. படுகையில் பயிர் வைப்பவர்களில் கணிசமானவர்கள் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். நிலம் கோயிலுடையதாக இருக்கும், மடத்துடையதாக இருக்கும், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவருடையதாக இருக்கும். சிட்டா அவர் பெயரில்; மண்வெட்டி இவர் கையில். உங்கள் திட்டத்தில் சேரச் சிட்டா கேட்பதால் சேருகிறவர் நிலத்துக்காரர் ஆகிவிடுகிறார். வரப்பு வெட்டி, வாமடை அடைத்து, குழாய்க்குள் எட்டிப்பார்க்கிறவர் வேறு ஆள். பயிர்ச் சேத நிவாரணத்தில் பல காலமாக இருக்கும் அநியாயம் இது. கார்பன் காசிலும் அதே வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளப் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், உங்களிடமே இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2.4.1 என்ற குறியீட்டை உணவு வேளாண் அமைப்பு வகுத்தபோது பதினொரு துணைக் குறியீடுகள் வைத்தது. மண் சீர்கேடு, தண்ணீர், உரம், பூச்சிமருந்து மட்டுமில்லை. பண்ணையின் நிகர வருமானம், விவசாயக் கூலி, வீட்டில் பசி இருக்கிறதா, நிலத்தின் மேல் உறுதியான உரிமை இருக்கிறதா என்பதும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. எது மிக மோசமோ அதுவே மொத்தத்தின் நிறம். மண் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் கூலிக்காரருக்கு உரிய கூலி இல்லையென்றால் பச்சை கிடையாது. நான் பார்த்த அளவுகோல்களில் நேர்மையானது இது. ஆனால் இதற்குப் பண்ணைதோறும் கணக்கெடுப்பு வேண்டும். நாடுகள் பலவும் தரவில்லை. கடைசியில் கையில் இருக்கும் தேசியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒரு பதிலிக் கணக்கு வந்தது. சந்தையில் விலைபோகும் கார்பனை அளக்க ஆளும் பணமும் கிடைக்கிறது. குத்தகைக்காரரின் உரிமையை அளக்க வாங்குவார் இல்லை.

காப்பித் தோட்டக்காரர்களின் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி போன்ற சில பொருட்கள் உள்ளே வரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டது. நடைமுறைக்கு வருவது இரண்டு முறை தள்ளிப்போனது. நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் குடகிலும் தாண்டிக்குடியிலும் காப்பி வளர்வது சில்வர் ஓக், பலா மரங்களின் நிழலில். மேலேயிருந்து பார்த்தால் அது காடு மாதிரிதான் தெரியும். நிழலுக்காக மரத்தைக் காப்பாற்றியவர், இது காடில்லை, தோட்டம் என்று நிரூபிக்க அலைய நேர்ந்தால் அது யாருடைய தப்பு? வெட்டவெளியில் பயிர் வைத்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயல் ஒன்று இருக்கிறது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒரு பாத்திக்கு ரசாயன உரம், ஒரு பாத்திக்கு ஒன்றுமே இல்லை என்று நூறு ஆண்டுக்கு மேலாக மாற்றாமல் செய்துவருகிறார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடப்பதன் தம்பி அது. மண் எப்படி மாறுகிறது என்பதை இப்படிப்பட்ட இடங்கள்தான் சொல்கின்றன. உங்கள் திட்டங்களுக்கு மூன்று ஆண்டு ஆயுள், நான்காம் ஆண்டில் ஆளே மாறிவிடுகிறார்கள். மண்ணில் கரிமம் கூடியதா என்று மூன்று ஆண்டில் உறுதியாகச் சொல்வது கடினம் என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் நன்கொடையாளருக்காக எழுதித் தருகிறீர்கள். இந்தப் பழக்கத்தை விட்டால் நல்லது.

கேட்பவை பெரியவை அல்ல. எண்ணைச் சொல்லும்போது அதன் கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் அப்படியே அச்சிடச் சொல்லுங்கள். பொது அட்டவணையிலிருந்து எடுத்ததா, வயலில் அளந்ததா என்று மறைக்காமல் எழுதுங்கள். திட்டத்தில் சேர்க்கும்போது சிட்டாவோடு நிற்காமல், பயிர் வைத்தவர் யார் என்று ஊரில் கேட்டு அவர் பெயரைச் சேருங்கள். ஒவ்வொரு திட்டச் செலவிலும் மறு அளவைக்கு என்று ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். என் வயலின் எண் தப்பு என்று ஒரு விவசாயி சொன்னால், அவர் கைக்காசு செலவழிக்காமல் இன்னொருவர் வந்து அளக்க வேண்டும். அந்த இன்னொருவர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. வேளாண் கல்லூரிகள் இருக்கின்றன, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களிடம் பேசுங்கள்.

அடுத்த குறுவைக்கு மேட்டூர் அணை திறந்து நீங்கள் மறுபடி வரும்போது, போன முறை எடுத்துப்போன கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துவாருங்கள். ஏக்கருக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். பயிர் வைத்தவர் பெயர் மேலே இருக்கட்டும். ஆட்சேபம் இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்த பிறகு புதுக் கேள்வித்தாளைத் திறவுங்கள்.

அன்புடன்,
காவிரிப் படுகையிலிருந்து ஒரு விவசாயப் பத்திரிகைக்காரன்